சந்தனம் களையும் நாள்

சென்னையிலும் பெங்களூரிலும் ராக் இசை கேட்கக் கூடுகிற இளைஞர்களுக்கு இன்று கோகிலாவைத் தெரியும். மேடையின் பின்புறத்தில், பித்தளைத் தட்டங்களும் பெரிதும் சிறிதுமான டிரம்களும் சூழ, கூந்தலை உச்சியில் அள்ளி முடிந்துகொண்டு அமர்ந்திருப்பவள் அவள்தான். பாடுகிறவன் மூச்சு வாங்க நிற்பான். கிட்டார்கள் ஓயும். அவள் கைகள் மட்டும் ஓய்வதில்லை. அந்தக் கைகளும் ஒருகாலத்தில் ஓய்ந்து கிடந்தன. ஒரு மார்கழித் திருவாதிரை தொடங்கி மறு திருவாதிரை வரும்வரை அவள் எதையும் தட்டவில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஊர்க் கோவிலில் ஆடும் சிவனான ஆடவல்லானின் திருமேனியில் விரிசல் விழுந்ததற்குத் தானே காரணம் என்று அவள் நம்பியிருந்த ஆண்டு அது.

குயிலின் பெயரை அவளுக்குச் சூட்டியவர் தந்தை அய்யப்பன். அவர் லாரி ஓட்டினார். வாலிநோக்கத்து உப்பை ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் திருச்சிக்கும் போவார். பள்ளி விடுமுறை நாள்களில் மகளையும் உடன் அழைத்துப்போவார். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் என்ஜின் மூடிமேல் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு அவளை உட்காரவைப்பார். கீழே என்ஜின் அதிரும். அந்த அதிர்வு தொடையில் ஏறி, முதுகுத்தண்டில் ஏறி, அவள் பல்வரிசை வரைக்கும் வரும். அதன்மேல் அவர் ஸ்டீயரிங்கில் விரல்களால் ஒரு தாளம் போடுவார். அது என்ஜினின் தாளத்தோடு சேர்ந்தும் இருக்கும், சற்றே விலகியும் இருக்கும்.

"நீயும் போடு தாயி," என்பார். "நம்ம ரெண்டு பேரும் தட்டிக்கிட்டே இருக்கணும். வண்டி தூங்கிரப்படாது."

அவள் போடுவாள். வண்டி ஒருநாளும் தூங்கவில்லை.

மானாமதுரைக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் தேநீருக்காக நிறுத்திய இடத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அந்தப் பயணத்தில் கோகிலா உடன் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்ததாம். வழியே போன யாரோ ஒருவர் ஏறி அதை அணைத்தாராம். இதைக் கேட்ட பொழுதில் அவள் விரல்கள் தரையைத் தட்டத் தொடங்கின. பிறகு நிற்கவில்லை.

தாய் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். அங்கே விடுதியில் பிள்ளைகளுக்கு இடமில்லை. தினந்தோறும் வந்த தொலைபேசி அழைப்பு வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. அவள் அங்கேயே ஒருவரை மணந்துகொண்ட பிறகு நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும் என்று சுருங்கிற்று. கோகிலா பரமக்குடியில் பெரியப்பா வீட்டில் இருந்தாள். அந்த வீட்டு அண்ணன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் மேசையில் புத்தகம் திறக்கும்போதெல்லாம் அடுத்த அறையில் எவர்சில்வர்த் தட்டு பேசத் தொடங்கும். அங்கிருந்து இராமநாதபுரத்தில் சித்தியின் வீட்டுக்கு வந்தாள். அது மாடி வீடு. கீழே குடியிருந்த வீட்டுக்காரர், தலைக்குமேல் யாரோ உரல் இடிக்கிறார்கள் என்று படியேறி வந்து சத்தம் போட்டார். இரண்டு வீட்டிலும் முடிவு ஒரே மாதிரிதான் வந்தது. அடுக்களையில் பேச்சுக்குரல் தாழும். மறுநாள் காலையில் ஆணியில் தொங்கும் மஞ்சள் பை கீழே இறங்கும். அதில் அவள் துணிமணிகள் மடித்து வைக்கப்படும். மற்ற பிள்ளைகள் மழை வரும் மணத்தை அறிவதுபோல், குரல்கள் தாழும் கணத்தை அவள் அறியக் கற்றிருந்தாள்.

அந்தப் பையோடு ஓர் ஆடி மாதத்தில் அவள் உத்தரகோசமங்கைக்கு வந்து சேர்ந்தாள். அத்தை ராமலெட்சுமி அய்யப்பனின் உடன்பிறந்தவள். அவள் கணவர் காளீஸ்வரன் நெல்லும் குண்டு மிளகாயும் பயிரிடுபவர். தலையில் ஒரு முடிகூட இல்லை. வாயில் ஒரு பூட்டும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீடு அது. கொண்டுவந்து விட்ட சித்தி, வாசலில் நின்றபடியே எச்சரித்துவிட்டுப் போனாள்.

"மதினி, சொல்லலைன்னு நாளைக்குச் சொல்லக்கூடாது. இந்தப் புள்ள கை சும்மா இருக்காது. எங்கனயும் ஆகல."

"இருக்கட்டும்," என்றாள் ராமலெட்சுமி. "மத்த ஊர்ல சிவனுக்கு ஆகாத தாழம்பூ, எங்க ஊர்ல அவரு தலையிலயே இருக்கு. இந்தப் புள்ளைக்கு என் வீட்ல ஒரு மூலை இல்லாமலா போச்சு?"

பொய்ச்சாட்சி சொன்னதற்காகச் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்ட மலர் தாழை என்பது புராணம். இவ்வூர் மங்களநாதர் அதையும் மன்னித்து ஏற்றுக்கொண்டவர் என்பது இவ்வூரார் கொள்கை. கோகிலாவுக்கு அந்தக் கதை அப்போது தெரியாது. பை எந்த ஆணியில் மாட்டப்படுகிறது என்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலுக்கு மேலே, எல்லாரும் பார்க்கும்படியான ஆணி.

முதல்நாள் உணவின்போதே கை காட்டிக்கொடுத்துவிட்டது. சோறு வருவதற்குள் தட்டின் விளிம்பில் விரல்கள் ஓடத் தொடங்கின. உணர்ந்ததும் அவள் உறைந்துபோனாள்.

"சோறு வேணும்னா வாயால கேளு தாயி," என்றார் மாமா. "தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"பேருதான் குயிலு. வேலையெல்லாம் மரங்கொத்தி," என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். குரல் தாழவில்லை. மறுநாள் காலையில் பையும் இறங்கவில்லை.

புரட்டாசியில் விதைத்த நெல் மார்கழியில் பால்பிடித்தது. கதிரில் பால் ஏறும் பருவத்தில் குருவிகள் கூட்டங்கூட்டமாய் வந்து இறங்கும். யாராவது வயலில் நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். காளீஸ்வரன் ஒருநாள் மனைவியைப் பார்த்தார்; மனைவி கோகிலாவின் கைகளைப் பார்த்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அரையாண்டு விடுமுறை முழுவதும் அவளுக்கு வயல்தான் வீடு. கோவில் கோபுரம் கண்ணுக்கு நேரே நிற்கும் வயல் அது. வரப்போரத்துக் கருவை மரத்தின் தாழ்ந்த கிளையில் பழைய எண்ணெய் டின் ஒன்றைக் கட்டினார் மாமா. அவள் அதோடு நிற்கவில்லை. பவுடர் டப்பா வந்தது. அடி ஓட்டையான தூக்குவாளி வந்தது. கைப்பிடி கழன்ற எவர்சில்வர் மூடி ஒன்று, கயிற்றில் தொங்கித் தானே சுழன்றபடி வந்துசேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். டின் என்ஜின்போல் உறுமியது. வாளி இடையில் புகுந்து கேள்வி கேட்டது. மூடி எல்லாவற்றுக்கும் மேலே மழைபோல் சிந்தியது. கருவைக் குச்சி இரண்டைக் கையில் எடுத்தாள் என்றால், உப்பு ஏற்றிய லாரி அந்த வயல்வெளியில் ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்த வயல்காரர் வீரபத்திரன் வரப்பில் நின்று கத்தினார். "ஏலே காளி! உன் வயக்காட்டுல கச்சேரி நடக்குது. குருவியெல்லாம் என் வயலுக்கு வந்து உக்காந்துக்கிட்டுக் கேக்குதுலே!"

"டிக்கெட் காசு வாங்கிக்கிருங்கண்ணே!" என்று பதிலுக்குக் கத்தினார் காளீஸ்வரன்.

வாழ்நாளில் முதன்முறையாக அவள் சத்தம் ஒருவருக்குப் பயன்பட்டது. அவள் தட்டினால் நெல் நிலைத்தது. மாலையில் வீடு திரும்பும்போது ஆணியில் தொங்கும் பையைப் பார்க்கக்கூட மறந்துபோயிற்று.

இவ்வூர் ஆடவல்லானைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஒரே மரகதத்தால் ஆன திருமேனி அவருடையது. ஆண்டு முழுதும் அதன்மேல் சந்தனக் காப்பு இருக்கும். மார்கழித் திருவாதிரைக்கு முந்திய நாள் ஒன்றில் மட்டும் பழைய சந்தனம் களையப்படும். அன்று அவர் பச்சைத் திருமேனியராய் நீராடிக் காட்சி தருவார். மறுநாள் புதுச் சந்தனம் சாத்திவிடுவார்கள். அந்த ஒருநாள் காட்சிக்கு எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து குவிவார்கள். அந்த நாள் வந்தது. பனி விலகுமுன்பே கோகிலா வயலுக்குப் போய்விட்டாள். கோபுரத்தின் பக்கமிருந்து மக்கள் ஆரவாரம் காற்றில் வந்துகொண்டிருந்தது. அந்த ஆரவாரத்தையும் சேர்த்துக்கொண்டு அவள் தட்டினாள். அன்று வந்த அடி அதற்குமுன் வராத அடி. ஏற்றத்தில் திணறி, உச்சியில் ஒருகணம் நின்று, இறக்கத்தில் பாய்கிற அடி. வெயில் ஏறியதும் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

காளீஸ்வரன் குளித்து நீறு பூசி, அவளைக் கோவிலுக்கு அழைத்துப்போக வந்தார். வரும்போதே காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"மெதுவாத்தா, மெதுவா! இன்னைக்குச் சாமி மேலு வெறும் மேலு. வருசமெல்லாம் எதுக்குச் சந்தனத்தப் பூசி வச்சிருக்காகன்னு நெனச்ச? அந்தப் பச்சக்கல்லு மேளச் சத்தம் கேட்டாலே பொடிஞ்சு போயிருமாம்ல. காலையிலருந்து நீ அடிக்கிற அடிக்கு உள்ள அவரு ரெண்டாப் போயிருப்பாரு!"

தம் நகைச்சுவையைத் தாமே ரசித்துச் சிரித்தபடி மடை பார்க்கப் போனார். மரகதம் மென்மையானது, பேரொலி அதற்கு ஆகாது என்பது அங்கே எல்லார் வீட்டிலும் வழங்கும் பேச்சு. அதை வைத்து அவர் விளையாடினார். கோகிலாவின் கையிலிருந்து குச்சிகள் விழுந்தன. மூடி மட்டும் கயிற்றில் சிறிது நேரம் சுழன்று முனகியது. அவள் ஓடிப்போய் அதை இரண்டு கைகளாலும் பற்றி நிறுத்தினாள்.

பிற்பகலில் மூங்கில் கட்டிய வரிசையில் நகர்ந்து நகர்ந்து சந்நிதியை அடைந்தார்கள். பெரியவர்களின் இடுப்புகளுக்கும் முழங்கைகளுக்கும் இடையே அவளுக்கு ஒரு கீற்று இடைவெளி கிடைத்தது. உள்ளே தீப ஒளியில் ஒரு பச்சை தெரிந்தது. இளநெல்லின் பச்சையும் இல்லை, இலையின் பச்சையும் இல்லை. ஒருமுறை பாம்பன் பாலத்தின்மேல் லாரி போகையில் தந்தை கைகாட்டிய ஆழ்கடலின் நடுப்பச்சை. அதன்மேல், தோளில் தொடங்கி எடுத்த பாதம் வரை, வெள்ளையாக வளைந்து நெளிந்து ஒரு கோடு.

அது சற்றுமுன் ஆட்டிய பாலின் ஒழுக்கு. இன்னும் ஒருகணம் நின்றிருந்தால் அது வடிந்து மறைவதைக் கண்டிருப்பாள். "நகருங்க, நகருங்க, பின்னால ஆளு இருக்கு," என்று யாரோ தோளைத் தள்ளினார்கள். கோவில் மணி முழங்கியது. ஒவ்வொரு முழக்கத்துக்கும் அந்தக் கோடு இன்னும் நீள்வதாக எண்ணி அவள் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் புதுச் சந்தனம் சாத்தியாயிற்று என்று ஊரார் மகிழ்ந்து பேசினார்கள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பரமக்குடிப் பெரியப்பா வீட்டுச் சுவரில் விரிசல் கண்டபோது கொத்தனார் சாந்து பூசி மூடியதை அவள் பார்த்திருக்கிறாள். அத்தை கோவிலிலிருந்து பிரசாதமாகக் கொண்டுவந்து கொடுத்த பழஞ்சந்தனத்தை நெற்றியில் இட அவளுக்குக் கை எழவில்லை. இலையோடு கொண்டுபோய்ப் பூசை மாடத்திலேயே வைத்துவிட்டாள்.

அன்று முதல் அவள் கைகள் அடங்கின. உண்ணாத வேளைகளில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். உறங்கும்போது கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். பள்ளியில் அவளை வெளியே நிறுத்திவைக்கும் ஆசிரியையே, "இப்பத்தான் நல்ல பிள்ளை," என்று தட்டிக்கொடுத்தாள். அடங்கிய பிள்ளையிடம் என்ன வலி என்று கேட்கும் வழக்கம் நம்மிடத்தில் குறைவு.

வயலில் குருவிகள் இறங்கின. காளீஸ்வரன் தாமே டின்னை அடித்தார். அவர் அடிப்பது மாடு படியேறுவதுபோல் இருந்தது. குருவிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கதிரில் வாய் வைத்தன.

"எனக்கு ஒத்தக் குருவிகூட மரியாத தரமாட்டேங்குது தாயி," என்றார் வீட்டுக்கு வந்து. "ஏன் வரமாட்டேங்குற? கை வலிக்குதா?"

தலையாட்டினாள்.

"மாமா எதுவும் வஞ்சேனா?"

அதற்கும் இல்லை என்றே தலையாட்டினாள். அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தார். தாம் சொன்ன கேலி அவருக்கு நினைவிலேயே இல்லை. நாளொன்றுக்கு நூறு கேலி சொல்கிறவர் எதை நினைவில் வைப்பார்?

கீழக்கரையிலிருந்து துணி மூட்டையோடு வீடு வீடாக வரும் ரம்ஜான் பீவி, ராமலெட்சுமிக்குப் பலவருடப் பழக்கம். அவர் கோகிலாவின் கன்னத்தைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

"புள்ள பயந்திருக்குது லெச்சுமி. கண்ணப் பாத்தாலே தெரியுதே. ஒரு சொம்புத் தண்ணி கொண்டா, ஓதித் தாரேன்."

ஓதி ஊதிய நீரைக் கோகிலா குடித்தாள். குளிர்ந்த நீர், நல்ல நீர். அன்று இரவு கனவில்லாமல் உறங்கினாள். ஆயினும் விரிசல் விரிசலாகவே இருந்தது.

பங்குனியில் களமெங்கும் மிளகாய் காய்ந்தது. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் காய்ந்துவிட்டால் உள்ளே விதை கழன்று கலகலக்கும். ஒரு கைப்பிடி அள்ளினால் கிலுகிலுப்பை. பழுதை நீக்கும் வேலைக்கு உட்கார்ந்தவள், ஒவ்வொரு காயையும் கண்திறவாத குஞ்சைத் தூக்குவதுபோல் அசங்காமல் தூக்கி வைத்தாள். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூட்டை ஏற்ற லாரி வந்தது. ஓட்டுநர் என்ஜினை அணைக்காமல் இறங்கித் தண்ணீர் கேட்டார். களத்து மண் அதிர்ந்தது. அவள் உள்ளங்கால் வழியே அது ஏறிற்று. விரல்கள் ஒவ்வொன்றாய் விழித்தன. அவள் எழுந்து ஓடிக் கொல்லைத் தொட்டியில் முழங்கை வரையில் கைகளை அமிழ்த்திக்கொண்டு, லாரி போகும் ஓசை தேயும்வரை நின்றாள். 'தூங்கிரப்படாது' என்ற குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அவள் கைகளை வெளியே எடுக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கண்விழித்துப் பார்க்கையில் ஆணி வெறுமையாக இருந்தது.

அத்தை வீட்டில் இல்லை. பை இல்லை. தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று எண்ணினாள். அழவில்லை. குளித்து, தலைவாரி, இருப்பதிலேயே நல்ல பாவாடையை உடுத்தி, மற்ற துணிகளை மடித்து முன்னே வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியபின் அத்தை வந்தாள். மஞ்சள் பையில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் துருத்திக்கொண்டிருந்தன.

"எங்கடி கெளம்பிட்ட, மினுக்கிக்கிட்டு?"

கோகிலா பையையே பார்த்தாள்.

"இதுவா? என் கூடை அந்துபோச்சு. சும்மாத்தான தொங்குதுன்னு எடுத்துட்டுப் போனேன்." அத்தை மடித்து வைத்த துணிகளைக் கண்டாள். பையைக் கண்டாள். ஆணியைக் கண்டாள். கத்தரிக்காயைப் படியிலேயே கொட்டிவிட்டு உட்கார்ந்தாள். "இனிமே இது சந்தைப் பை," என்றாள். "கேட்டுச்சா? உன் துணிக்கு மாமாவ ஒரு பெட்டி வாங்கச் சொல்றேன். தூக்க முடியாத பெட்டியா, இரும்புல."

அன்றே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால், இவ்வளவு நல்லவளிடம் அவள் சாமியை உடைத்தது நான்தான் என்று எப்படிச் சொல்வது?

மறுபடி மார்கழி வந்தது. சந்தனம் களையும் நாளுக்கு முந்திய மாலையில் அத்தை மஞ்சளும் புதுப்பாவாடையும் எடுத்து வைத்தாள்.

"நான் வரல அத்தை. வயிறு வலிக்குது."

"சந்தனம் களையுற அன்னைக்கு இந்த ஊர் நாய்கூட வீட்டுல கெடக்காது. ஓமத்தண்ணி தாரேன், குடிச்சிட்டு வா."

ஓமத்தண்ணீருக்குத் தீராத வயிற்றுவலி அது. மறுநாள் வரிசையில் அவள் மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவே நின்றாள். சந்தனம் இந்நேரம் களைந்திருப்பார்கள். இத்தனை ஆயிரம் கண்களும் அந்தக் கோட்டைப் பார்க்கப்போகின்றன. வரிசை ஓர் அடி நகர்ந்தால் அவள் நெஞ்சில் ஓர் அடி விழுந்தது. சந்நிதிக்கு முந்திய மண்டபத்தில் கால்கள் நின்றுவிட்டன.

"மாமா," என்றாள். "எல்லாரும் பாத்தா என்னைய ஊர விட்டு அனுப்பிருவாகளா?"

"எதத்தா பாத்தா?"

"விரிசல."

"என்ன விரிசல்?"

சொன்னாள். டின்னும் வாளியும் மூடியும், அவர் காதைப் பொத்திக்கொண்டு வந்ததும், அவர் சொன்ன சொல்லும், வெள்ளைக் கோடும், அதன்மேல் பூசிய சந்தனமும், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். காளீஸ்வரனின் முகத்தில் வழக்கமாகக் குடியிருக்கும் சிரிப்பு இடம் தெரியாமல் போயிற்று.

"உங்க வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!" என்றாள் ராமலெட்சுமி கணவரைப் பார்த்து. மூங்கிலுக்கு அப்பால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு வருசமா! ஒரு வருசமா புள்ள செத்துச் செத்துப் பொழச்சிருக்கா!"

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன் தாயி," என்றார் அவர். "சாமி சத்தியமா வெளையாட்டுக்கு. ஒன்னும் ஆகல. மாமா சொல்றேன்ல?"

"நான் கண்ணால பாத்தேன்," என்றாள் கோகிலா.

தம் சொல்லுக்கு அந்தப் பிள்ளையிடத்தில் இனி என்ன விலை இருக்கும் என்பது அவருக்குப் புரிந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் முன்னே குந்தினார்.

"ஏறு."

"ஏங்க, பத்து வயசுப் புள்ள. இடுப்புப் பிடிச்சுக்கிரும்."

"பிடிக்கட்டும். ஏறு தாயி. போன வருசம் இடுக்குல பாத்த. இந்த வருசம் மேலருந்து பாரு. யாரு தள்ளுனாலும் நான் நகரமாட்டேன். நீ பாத்து முடிச்சுட்டுச் சொல்லு."

தோளின்மேல் ஏறினாள். அவர் ஒருமுறை தள்ளாடி எழுந்தார். மண்டபத்துத் தலைகளெல்லாம் கீழே போயின. சந்நிதி அவள் கண்ணுக்கு நேராக வந்தது.

பச்சை. விளக்கின் சுடர் அந்தத் திருமேனியின்மேல் நிற்கவில்லை. உள்ளே புகுந்து அங்கேயே தங்கிக் கடலுக்குள் உதிக்கும் கதிரவன்போல் கனிந்தது. அவள் தோளைத் தேடினாள். அப்போது பால் ஆட்டினார்கள். வெண்மை திருமுடியில் வழிந்து, தோளில் இறங்கி, எடுத்த பாதம் வரை வளைந்து நெளிந்து ஒரு கோடாயிற்று. அதே கோடு. அவள் மாமாவின் காதுகளை இறுகப் பற்றினாள். அவர் முனகினார், நகரவில்லை. கோடு மெலிந்தது. நடுவில் அறுந்தது. தூய நீர் பொழிந்தபோது முழுதும் கரைந்து போயிற்று. உள்ளே ஒரு மயிரிழை வடுவும் இல்லை.

"நகருங்கப்பா," என்றது பின்னால் ஒரு குரல்.

"புள்ள பாக்குது," என்றார் காளீஸ்வரன். "சாமி பாக்க வந்த புள்ளைய அவசரப்படுத்தாதீக."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தனத்துக்குள் அவள் கண்டிராத ஒவ்வொன்றும் இப்போது தெளிந்து வந்தது. தூக்கிய திருவடி. அஞ்சாதே என்று அமைந்த கை. ஒரு கையில் தீ. மேலே உயர்ந்த வலக்கையில், இடை சிறுத்து இருபுறமும் அகன்று, கைக்குள் அடங்கும் ஏதோ ஒன்று. அது என்னவென்று அவள் கண் அறிவதற்கு முன்பே விரல்கள் அறிந்துகொண்டன.

"மாமா! சாமி கையில என்ன வச்சிருக்காரு?"

"எந்தக் கையில? நான் எங்க பாக்க, என் கண்ணுக்கு முன்னால உன் பாவாடதான் இருக்கு. மேல் கையா? உடுக்கையா இருக்கும்."

"உடுக்கைன்னா, அடிக்கிறதா?"

"பின்ன? அடிக்காமயா ஆடுவாரு?"

"அவரேவா அடிக்கிறாரு? பச்சக்கல்லு கையால?"

காளீஸ்வரன் வாயைத் திறந்தார். பிறந்தது முதல் இந்த ஊரில் இருக்கிறார். கல் சத்தம் தாங்காது என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கல்லின் கையிலேயே பறையொன்று இருப்பதையும் ஆயிரம் முறை கண்டு தொழுதிருக்கிறார். இரண்டையும் ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

"ஆமால்ல," என்றார் மெதுவாக.

கோகிலா யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். "வண்டி தூங்கிரப்படாதுன்னு அடிக்கிறாரு."

"எந்த வண்டி?"

அவர் தலைமேல் ஏதோ விழுந்தது. முதலில் ஒரு விரல், தயங்கித் தயங்கி, மழையின் முதல் துளிபோல். பிறகு மற்றொன்று. மொட்டைத் தலை நல்ல குரலுடையது. நெற்றிப் பக்கம் ஒரு குரல், உச்சியில் ஒரு குரல், காதுக்கு மேலே இன்னொன்று. விரல்கள் எல்லாவற்றையும் விசாரித்து அறிந்துகொண்டன. கூட்டத்தின் ஆரவாரத்துக்குள்ளே, மணியின் முழக்கத்துக்குள்ளே, உப்பு ஏற்றிய லாரி ஒன்று மெல்ல அசைந்து புறப்பட்டது. ஏற்றத்தில் திணறியது. உச்சியில் ஒருகணம் நின்றது.

ராமலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, தலை வலிக்கலையா?"

"வலிக்காம என்ன," என்றார் காளீஸ்வரன். "நீ பாட்டுக்கு நிப்பாட்டச் சொல்லிராத."